நாலு ராஜாவுக்கு ஒரு யானை

அந்த ஒட்டகத்தை இன்னொரு தடவை திட்டுங்க ஐயா. கூச்சப்படாதீங்க. நம்ம பாஷையில ஒருத்தர் வாய் நிறையத் திட்டி நான் கேட்டு மூணு வருஷமாச்சு. இங்கயும் எல்லாரும் திட்டுறாங்கதான், அர்த்தமும் எனக்குப் புரியுது. ஆனா காதுல தங்க மாட்டேங்குது.

இப்படி நிழல்ல உட்காருங்க. உங்க கூட்டம் வெயில் தாழ்ந்துதான் கிளம்பும். இப்பவே கிளம்பணும்னு ஒட்டகக்காரன் சொல்லுவான், கிளம்ப மாட்டான். எந்த ஊரு? முசிறியா! மிளகு வித்துட்டுத் திரும்புறீங்களாக்கும். நான் அதுக்குத் தெக்க, குட்டநாடு. பேரு சாதன். யானைப்பாகன். அதோ அந்த மண் சுவருக்குப் பின்னால ஒரு முதுகு தெரியுதே, அதுதான் ஆம்பல். பிடியானை. பயப்படாதீங்க. உங்க மூட்டையில வெல்லம் இருந்தா மட்டும் பயப்படுங்க.

நான் இந்த ஊர்ல குடியேறிட்டேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நான் வேலையா வந்திருக்கேன். இருபது வருஷமா வேலையா வந்திருக்கேன்.

சிரிக்காதீங்க. கேளுங்க.

யவனக் கப்பல் வர்றதே அருகிப் போயிருந்த காலம் ஒண்ணு இருந்துச்சே, உங்கப்பா சொல்லியிருப்பாரு. ரோமாபுரியில அப்ப வருஷத்துக்கு ரெண்டு மூணு ராஜா. ஒருத்தர் பட்டம் கட்டிக்கிட்டு வெளிய வந்து வெயில் பார்க்கிறதுக்குள்ள, அவரோட படைத்தலைவனே குத்திடுவான். கிழக்கே ஒருத்தி நான்தான் ராணின்னா, மேற்கே ஒருத்தன் நான்தான் ராஜான்னான். ராஜ்யம் நைஞ்ச வேட்டி மாதிரி, எங்க தொட்டாலும் கிழியுது.

அப்புறம் ஒருத்தர் வந்தாரு. அவர் பேரு நம்ம வாய்க்குள்ள நுழையாது, பெரியவர்னு வெச்சுக்குவோம். ராஜா வீட்டுப் பிள்ளை இல்ல. அவங்கப்பா யாரோ ஒரு பிரபு வீட்டுல எழுத்து வேலை பார்த்தவர்னு சொல்றாங்க, அடிமையா இருந்து விடுதலை ஆனவர்னும் சொல்றாங்க. இவர் சாதாரண வீரனாப் படையில சேந்து, படிப்படியா ஏறி, ராஜாவுக்கே காவலா நின்னு, அப்புறம் அந்த இடத்துலயே உக்காந்துட்டாரு. கிழிஞ்சதை எல்லாம் சேத்து ஒரே துணியாத் தைச்சாரு. சும்மா சொல்லக்கூடாது, அதுக்கப்புறம்தான் கப்பல் திரும்ப வர ஆரம்பிச்சுது.

எங்க மன்னருக்கு அப்படி ஒரு சந்தோஷம். குறுநில மன்னர்தான், ஆனா மனசு பெருசு. "ரோமாபுரி ராஜாவுக்கு ஒரு யானை அனுப்புவோம்"னாரு. ஆம்பலுக்கு அப்ப இருபது வயசு, எனக்கு இருபத்தஞ்சு. கூட ஒரு ஓலை. எங்க ஊர்ப் புலவர் ஒன்பது நாள் சோறு தின்னு எழுதின ஓலை. "உதயக் கடலிலிருந்து அஸ்தமனக் கடல் வரை தனி ஒருவராக ஆளும் வேந்தருக்கு." தனி ஒருவராக! அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டிருந்தா நான் இன்னிக்கு எங்க வீட்டுல மீன் குழம்பு சாப்பிட்டுக்கிட்டு இருப்பேன்.

கப்பல் கதையைச் சொன்னா நீங்க கப்பலே ஏற மாட்டீங்க. அதனால அதை விட்டுடறேன். கரை இறங்கி, பன்னிரண்டு நாள் மணல்ல நடந்து, இந்த நைல் கரைக்கு வந்தோம். இங்க ஒரு அதிகாரி. செரேனன்னு பேரு. வெளிநாட்டுப் பரிசெல்லாம் அவர் கையால பதிஞ்சு, முத்திரை வெச்சு, அப்புறம்தான் மேல போகணும். ஒல்லியான மனுஷன், எப்பவும் விரல்ல மை. துபாஷி ஒருத்தனை வெச்சு ஓலையைப் படிக்கச் சொல்லிக் கேட்டாரு. முகம் வெளுத்துப் போச்சு.

"தனி ஒருவரா?"ன்னாரு.

"ஆமா. பெரியவர்தானே?"

"நீங்க கடல்ல இருந்த சமயத்துல அவர் தன் நண்பரையும் ராஜாவாக்கிட்டாரு. கிழக்கு இவருக்கு, மேற்கு அவருக்கு. இப்ப ரெண்டு பேரு."

"சரி, கிழக்கே இருக்கிற பெரியவருக்கே குடுத்துடுங்களேன்."

"மேற்கே இருக்கிறவர் வருத்தப்பட்டா?"

"அப்ப அவருக்குக் குடுங்க."

செரேனன் பயந்து வாசலை எட்டிப் பார்த்தாரு, யாராவது கேட்டுட்டாங்களான்னு.

ரெண்டு பேருக்கும் எழுதிக் கேட்டாரு. பதில் வர எட்டு மாசம். கிழக்குல இருந்து, "முதலில் என் சகோதரர் பெற்றுக்கொள்ளட்டும்." மேற்குல இருந்து, "மூத்தவர் இருக்க நான் எப்படி." ரெண்டுமே அழகான எழுத்து. செரேனன் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. "என்ன பண்பு பார்த்தீங்களா!"ன்னாரு. நான் ஆம்பலைப் பார்த்தேன். அவ என்னைப் பார்த்தா. அவளுக்குப் பசி.

பசின்னதும்தான் தயேசி ஞாபகம் வருது. அதாவது அந்தச் சமயத்துல நடந்ததைச் சொல்ல வர்றேன். அந்த மண் சுவருக்கு அந்தப் பக்கம் அவ வீடு. புருஷன் செத்துப் போனவ, வாற்கோதுமையில கள்ளு காய்ச்சி விக்கிறவ. ஒருநாள் காலையில ஆம்பல் சுவருக்கு மேல துதிக்கையை விட்டு ஒரு தொட்டிக் கள்ளைக் காலி பண்ணிட்டா. தயேசி பெரிய அகப்பையோட வந்தா. யானையை ஒரு அடி அடிக்கல. என்னை அடிச்சா. அவ பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது, அகப்பைக்குப் பாஷை தேவையில்ல. அப்புறம் ஆம்பல் அப்படியே சாய்ஞ்சு படுத்துக் குறட்டை விட ஆரம்பிச்சதும் அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அதுக்கப்புறம் கள்ளு வடிச்ச சக்கையை எல்லாம் ஆம்பலுக்கே போட்டா. தினமும் சுவருக்கு அந்தப் பக்கம் போய் வாங்கிட்டு வர்றது கஷ்டமா இருந்துச்சு. அதனால நான் அந்தப் பக்கமே தங்கிட்டேன். யானைக்காகத்தான். ஊர்லயே அவ கொல்லைதான் பெருசு.

ரெண்டு பொண்ணுங்க. ரெண்டும் அவ சாடை.

அப்படியே ஆறேழு வருஷம் போச்சு. செரேனன் எழுதுவாரு, பதில் வரும், அவர் மறுபடி எழுதுவாரு. அந்த மனுஷனை நினைச்சா எனக்குப் பாவமா இருக்கும். ஒரு உத்தரவுக்காக வாழ்நாள் பூரா ஒரே ஊர்ல உக்காந்து காத்துக்கிட்டு இருக்கிறது ஒரு பிழைப்பா?

என்ன, ஏன் அப்படிப் பார்க்கிறீங்க?

ஒருநாள் மத்தியானம் அவர் கொல்லைக்கே வந்துட்டாரு. கையில ஓலை. ஆம்பலோட தொட்டி விளிம்புல உக்காந்துட்டாரு.

"சாதா, நாலு."

"எது நாலு?"

"ராஜா. பெரியவர் தனக்குக் கீழ ஒரு இளையவர், மேற்கே இருக்கிறவருக்குக் கீழ ஒரு இளையவர்னு நியமிச்சிருக்காரு. எல்லை பெருசு, நாலாப் பக்கமும் எதிரி, ஒருத்தரால ஓட முடியலையாம். இனிமே நாலு அரண்மனை."

தயேசி உள்ளேருந்து கேட்டா, "நாலு அரண்மனைக்கும் யார் சமைக்கிறது?" அவளுக்கு அதுதான் கவலை. உண்மையில அது சரியான கேள்வி. அந்த வருஷத்துல இருந்துதான் இங்க வரி ஏறுச்சு.

செரேனன் விடல. யானை ஒவ்வொருத்தர்கிட்டயும் மூணு மாசம் இருக்கட்டும்னு ஒரு யோசனை சொன்னாரு. தரையில குச்சியால வழி எல்லாம் போட்டு ரெண்டு நாள் கணக்குப் பார்த்தாரு. ஆம்பல் நடக்கிற நடைக்கு முதல் அரண்மனையில இருந்து ரெண்டாவது அரண்மனைக்குப் போகவே மூணு மாசத்துக்கு மேல ஆகும்னு தெரிஞ்சுது. வாசல்ல தலையைக் காட்டிட்டு உடனே கிளம்பணும். அதை விட்டுட்டு, ஓவியன் ஒருத்தனைக் கூப்பிட்டு, நாலு பலகையில ஆம்பலை எழுதி, ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணுன்னு அனுப்பினாரு. யானை வர்ற வரைக்கும் படத்தைப் பார்த்துக்கட்டும்னு. ஒரு வருஷம் கழிச்சு ஒரு அரண்மனைக் காரியஸ்தன்கிட்ட இருந்து புகார் வந்துச்சு. எங்களுக்கு வந்த படத்துல யானை சின்னதா இருக்காம். ஓவியன் ஊரை விட்டே ஓடிட்டான்.

நானும் தயேசியும் அன்னிக்கு வயிறு வலிக்கச் சிரிச்சோம். அப்புறம் எட்டொன்பது வருஷம் ஓடினதே தெரியல, வந்தது அந்த வருஷம்.

பெரியவர் பட்டத்துக்கு வந்து இருபதாவது வருஷம் நெருங்குது. ராஜ்யம் பூரா கொண்டாட்டம். மேற்கே ஏதோ ஒரு ஊர் அலுவலகத்துல இருந்து உத்தரவு வந்துச்சு. "எகிப்தில் கட்டி வைத்திருக்கும் யானையை விழாவுக்கு அனுப்புக." ஒரு முத்திரை. அதோட ஒரு படைத்தலைவன், பத்து வீரர், ஒரு சங்கிலி.

எனக்குத் தலைகால் புரியல. கடைசியில உத்தரவு வந்துடுச்சே! ஆம்பலைத் தேய்ச்சுக் குளிப்பாட்டினேன். நெத்திக்கு மஞ்சள் இல்லையேன்னு காவி மண்ணைக் குழைச்சுக் கோலம் போட்டேன். "ராஜாவுக்கு எப்படி வணக்கம் வைக்கணும்?"னு கேட்டா துதிக்கையைத் தூக்குவா, அதைத் திரும்பத் திரும்பப் பழக்கினேன். தயேசி பார்த்துக்கிட்டே இருந்தா.

"எந்த விழான்னு கேட்டியா?"ன்னா.

"ஊர்வலமா இருக்கும்."

"வட்ட அரங்கு விழா. மிருகத்தை நடுவுல விட்டு ஈட்டியால குத்துவாங்க. ஜனங்க சுத்தி உக்காந்து பார்ப்பாங்க. என் அண்ணன் அங்க போய்ப் பார்த்திருக்கான்."

"யானையை எவனாவது குத்துவானா? உங்கண்ணன் உன் கள்ளைக் குடிச்சுட்டுச் சொல்லியிருப்பான்."

சொல்லிட்டேனே தவிர மனசு கேக்கல. நான் நேரா செரேனன்கிட்ட போனேன். கேட்டேன். அவர் தன் விரல்ல இருக்கிற மையைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தாரு. "சொல்லுங்க"ன்னேன். "உனக்குத் தெரியும்னு நினைச்சேன், சாதா"ன்னாரு.

ஐயா, நான் அங்கேருந்து கொல்லைக்கு எப்படி வந்தேன்னு எனக்குத் தெரியாது. ஆம்பல் என்னைப் பார்த்ததும் துதிக்கையைத் தூக்கி வணக்கம் வெச்சா. காலையில பழக்கினது. நான் அவ கால்ல முகத்தை வெச்சுக்கிட்டு அழுதேன். பாகன் அழுதா யானை மிரளும்னு எங்கப்பா சொல்லுவாரு. அவ மிரளல. என் தலையை மோந்துக்கிட்டே இருந்தா.

ராவோட ராவா யானையை ஓட்டிக்கிட்டுப் போயிடலாமான்னு கூட நினைச்சேன். எங்க ஓட்டறது? ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் மணல். யானையை வைக்கோல் போர்ல ஒளிச்சு வைக்க முடியுமா?

விடிஞ்சதும் படைத்தலைவன் சங்கிலியோட வந்துட்டான். தயேசி வாசல்ல நின்னா, கையில அதே அகப்பை. "தள்ளு"ன்னான். தள்ளல. அப்பதான் தெரு முனையில செரேனன் வர்றாரு. நடக்கல, ஓடி வர்றாரு. அந்த மனுஷன் ஓடி நான் பார்த்ததே இல்ல. கக்கத்துல ஒரு கட்டு ஓலை.

மூச்சு வாங்கிக்கிட்டே, "உத்தரவைக் காட்டுங்க"ன்னாரு. காட்டினான். "முத்திரை ஒண்ணுதான் இருக்கு."

"ஒண்ணு போதும்."

"இந்த யானை நாலு பேருக்கும் பொதுவான பரிசுன்னு நான் பதிஞ்சிருக்கேன். நாலு பேரும் ஏத்துக்கிட்ட பதிவு. எடுத்துட்டுப் போகணும்னா நாலு முத்திரை வேணும்."

"ஒண்ணு போதும்னு சொல்றேன்ல?"

செரேனன் மைக்கூட்டைத் திறந்து ஓலையை விரிச்சாரு. "சரி. மத்த மூணு பேரோட சம்மதம் தேவையில்லன்னு நீங்க சொன்னதா எழுதிக்கிறேன். உங்க பேரைச் சொல்லுங்க. அப்பா பேரும்."

ஒரு வீரன் சிரிப்பை அடக்க முடியாம திரும்பிக்கிட்டான். படைத்தலைவன் தன் பேரையும் சொல்லல, அப்பா பேரையும் சொல்லல. "முத்திரை வாங்கிட்டு வர்றேன்"னு சொல்லிட்டுக் கிளம்பினான். சங்கிலியை மட்டும் விட்டுட்டுப் போயிட்டான், கனம் தாங்காம. இப்ப தயேசி அதுல அண்டா தொங்க விட்டிருக்கா.

அவன் போனதும் செரேனன் அங்கயே தரையில உக்காந்துட்டாரு. "முப்பது வருஷத்துல மேலிடத்து உத்தரவை நான் தடுத்ததே இல்ல"ன்னாரு. தயேசி ஒரு குவளை கள்ளு குடுத்தா. பழக்கமே இல்லாத மனுஷன், ஒரே மூச்சுல குடிச்சாரு.

அன்னிக்கே நாலு அரண்மனைக்கும் ஓலை போச்சு. ரொம்ப மரியாதையா, ரொம்ப நீளமா எழுதினாரு. பதில் வர்றதுக்குள்ள விழாவே முடிஞ்சு போச்சு. அது மட்டும் இல்ல. அடுத்த ரெண்டு வருஷத்துல பெரியவர் பட்டத்தையே கழட்டி வெச்சுட்டாரு! தானா! கடற்கரையில வீடு கட்டிக்கிட்டு, பாத்தி கட்டிக் கீரை போடுறாராம். நான் முதல்ல நம்பல. மேற்கே இருக்கிறவரையும் கூடவே இறங்கச் சொல்லிட்டாராம். இளையவங்க மூத்தவங்க ஆனாங்க, புதுசா ரெண்டு இளையவங்க வந்தாங்க, அது பிடிக்காம இன்னும் யார் யாரோ நானும் ராஜா நானும் ராஜான்னு கிளம்பிட்டாங்க. எங்க ஓலை எல்லாம் "உரியவருக்குத் திரும்ப எழுதுக"ன்னு வந்துச்சு. யார் உரியவருன்னு செரேனனுக்கே தெரியல. படைத்தலைவனுக்கும் தெரிஞ்சிருக்காது, அவன் திரும்பி வரவே இல்ல. பெரியவர் ஆயுசு பூராத் தைச்ச துணி, அவர் ஊசியைக் கீழ வெச்ச உடனே பிரிஞ்சுடுச்சு. எனக்கு என்னமோ அவர் பேர்ல கோபம் வரல. கீரையாவது நல்லா வரட்டும்.

போன குளிர்காலத்துலதான் கடைசி ஓலை வந்துச்சு. கிழக்கே இப்ப இருக்கிற ஆள் சார்புல, சின்ன ஓலை. "அந்த யானை எங்களுக்கு வேண்டாம். பாகன் தன் நாட்டுக்குத் திருப்பி ஓட்டிச் செல்லலாம்."

செரேனன்தான் படிச்சாரு. அவருக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியாது, வேலையில இருந்தும் இறங்கிட்டாரு, ஆனாலும் எனக்கு வர்ற ஓலையை அவர்தான் படிப்பாரு. "நீ விடுதலை, சாதா"ன்னாரு. தயேசி மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தா. பிசையிறதை நிறுத்தல.

இருபது வருஷமா எதுக்குக் காத்திருந்தேனோ அது வந்துடுச்சு. போகாம இருக்க முடியுமா? கடமைன்னு ஒண்ணு இருக்கில்ல? மூணாம் நாள் காலையில கிளம்பினேன். பொண்ணுங்க ரெண்டும் ஆம்பல் கால்ல கையை வெச்சுக்கிட்டு ஊர் எல்லை வரைக்கும் வந்துச்சு. செரேனன் குச்சியை ஊனிக்கிட்டு நின்னாரு. தயேசி வாசலுக்குக் கூட வரல. அவளுக்கு வேலை இருந்துச்சாம். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

முதல் நாள் நல்லா நடந்தா. ரெண்டாம் நாள் சாயங்காலம், மணல் வழியில இருக்கிற கிணத்தடி தாண்டினதும் ஆம்பல் நின்னுட்டா. நான் முன்ன வான்னேன். வரல. மணலைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, அப்படியே முழுசாத் திரும்பி வந்த வழியே நடக்க ஆரம்பிச்சுட்டா. நாப்பது வயசு யானை ஐயா. பிடிவாதம். நான் என்ன செய்ய முடியும்?

அங்குசமா? இருந்துச்சு, இடுப்புலதான் இருந்துச்சு. அந்த நேரத்துல தோணல.

நாலாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேந்தோம். கொல்லைக்குள்ள போறேன், ஆம்பலோட தொட்டி நிறைய முளை கட்டின வாற்கோதுமை. புதுசு. வாற்கோதுமை ரெண்டு நாள் ஊறணும், ரெண்டு நாள் முளை விடணும். விரல் விட்டு எண்ணிப் பாருங்க. நாங்க கிளம்பின அன்னிக்கே ஊறப் போட்டிருக்கா. யானை இல்லாத வீட்டுல ஒரு தொட்டித் தானியம் எதுக்கு? நான் அவளையே கேட்டேன்.

"உள்ள வா, கஞ்சி ஆறுது"ன்னா.